இருநூற்றுப் பதினான்கு யாருடையது?

1

இந்தக் கதையை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. நாமக்கல்லில் ஒரு மருத்துவமனை பெஞ்சில் கிடைத்தது. முழங்கால் வலிக்காக நான் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர், கழனியில் வெயில் பட்டுக் கறுத்த கழுத்து, மடித்துவிட்ட வெள்ளைச் சட்டை. ஊர், மழை, பஸ் என்று பேச்சு போய்க்கொண்டிருந்தபோது தன் மனைவியின் கைக்கடிகாரத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். நான் திரும்பி "என்னங்க சொன்னீங்க?" என்று கேட்பதற்குள் உள்ளே அவர் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். போனவர் வேறு வாசல் வழியாக வெளியேறியிருக்க வேண்டும். நான் அவரை மறுபடி பார்க்கவில்லை.

அந்த வாக்கியத்தை இங்கேயே எழுதிவிட்டால் மீதியை நீங்கள் படிக்க வேண்டியதில்லை. அதனால் அது வரவேண்டிய இடத்தில் வரும். ஒளித்துவைக்கிறானே என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த மனைவிக்கே அது அத்தனை சீக்கிரம் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அவர் பெயர் என் காதில் சரியாக விழவில்லை. பூபதி என்று வைத்துக்கொள்கிறேன். அவர் மனைவி தாமரைச்செல்வி. கதை அவளோடுதான் போகும்.

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

'கொல்லிமலையின் உச்சியைத் தொட்டு இறங்கிய இளம் பனி...' (வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வந்தது.)

'மனித இதயம் ஒரு நாளைக்குச் சுமார்...' (இது ஆரோக்கிய மலரில் வரும் கட்டுரை.)

'தாமரைச்செல்வியின் கடிகாரம் அவள் செத்துப்போனதாகச் சொன்னது.'

இது இருக்கட்டும். ஏனென்றால் அப்படித்தான் நடந்தது.

இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், பங்குனி. பேளுக்குறிச்சிக்கு வெளியே, குச்சிக்கிழங்கு என்று சொல்லும் மரவள்ளிக் காட்டை ஒட்டிய தோட்டத்து வீட்டு வாசலில் தாமரைச்செல்வி நின்றுகொண்டிருந்தாள். சுடிதாருக்குள் நெஞ்சைச் சுற்றி ஒரு ரப்பர் பட்டை. மணிக்கட்டில் ஆண்பிள்ளைகள் கட்டுவதுபோல் ஒரு பெரிய கறுப்புக் கடிகாரம். பட்டை நெஞ்சுத் துடிப்பைப் பிடித்துக் கம்பியில்லாமல் கடிகாரத்துக்கு அனுப்பும், நிமிஷத்துக்கு எத்தனை துடிப்பு என்று கடிகாரம் காட்டும். சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கும் பூபதியின் தம்பி அருள்ராஜ் அனுப்பியது. அண்ணனுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று, ஜோடியாக.

பொத்தானை அழுத்தினாள். திரையில் ஒரு குட்டி இதயம் கண்சிமிட்டியது. அதன் பக்கத்தில் இரண்டு சுழியம்.

"ஏனுங்க, இதுல நான் உசுரோடவே இல்லீங்க!" என்றாள்.

வாசலில் பல் துலக்கிக்கொண்டிருந்த மாமனார் சென்னியப்பன் வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். "அப்ப காப்பி யாரு கண்ணு போடுவா?"

[இவர்களுக்குக் குழந்தை உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, வித்யாஸ்ரீ. அம்மாவும் அப்பாவும் விடிகாலையில் ஓடப் போய்விட்டால் அவளை யார் பார்த்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தக் கதை முழுக்கத் தாத்தா வீட்டில் இருக்கிறார், அவள் தூங்குகிறாள்.]

3

அவள் ஏன் ஓடினாள் என்பதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எழுதத் தயங்கிய பகுதி இது. சாவை வைத்துக் கதையைத் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. ஆனால் அவளுக்கு அது பிடித்தா நடந்தது?

அவள் அம்மா ஆத்தாயி, நாற்பத்தெட்டு வயதில், நல்ல மத்தியானத்தில், கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்த இடத்திலேயே உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்துப் பாத்தியில் இருந்த பெண்கள், வெயிலுக்குச் சற்று அமர்ந்திருக்கிறாள் என்றுதான் நினைத்தார்கள். நெஞ்சு நின்றுபோயிற்று என்றார் டாக்டர். ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு தாமரைச்செல்விக்குத் தன் நெஞ்சின்மேல் சந்தேகம் வந்துவிட்டது. தண்ணீர்க் குடத்தை இறக்கிவைத்ததும் நின்று கவனிப்பாள். மாட்டுக்குத் தீவனம் அள்ளும்போது திடுக்கென்று கையை மார்பில் வைத்துக்கொள்வாள். ஒரு கோளாறும் இல்லை, காலையில் நடந்து பழகு என்று ஒரு டாக்டர் சொன்னார். நடந்தாள். நடை ஒருநாள் தானாக ஓட்டமாயிற்று. ஓடும்போது நெஞ்சு அடித்தால் அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் காரணம் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. உலகத்தில் அவள் நெஞ்சு அடிப்பதைக் கண்டு அவள் பயப்படாத ஒரே நேரம் அதுதான்.

ரோட்டில் ஒரு பெண்பிள்ளை தனியாக ஓடினால் ஊர் சும்மா இருக்காது. ஆகவே பூபதியும் கூட ஓடினான். அவனுக்கு ஓட்டத்தில் ஆசை ஒன்றும் கிடையாது. பாதித் தூரத்தில் "சித்த நில்லு தாமரை, செருப்பு கடிக்குது" என்பான். அவன் போட்டிருந்தது கேன்வாஸ் ஷூ.

அந்த வருஷம் ஆடி பதினெட்டை ஒட்டி அடிவாரத்து இளைஞர் மன்றம் ஒன்று கொல்லிமலைப் பாதையில் ஓட்டப்பந்தயம் அறிவித்தது. காரவள்ளியிலிருந்து, கொண்டை ஊசி வளைவுகள் எல்லாவற்றையும் ஏறி, மேலே சோளக்காடு என்ற ஊர் வரைக்கும். பெண்களுக்கும் உண்டு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சந்தைக்குப் போய் மிளகும் மல்லியும் வாங்கி வந்த தாமரைச்செல்வி, மளிகைப் பையிலிருந்து அந்த நோட்டீஸைத்தான் முதலில் எடுத்தாள்.

4

இனிக் கொஞ்சம் ரிப்பேர் வேலை.

கடிகாரம் பொய் சொன்னது. விதவிதமாகச் சொன்னது. முதல் வாரம் சுழியம். பட்டையின் உட்புறம் இரண்டு கறுப்புத் தகடுகள் உண்டு. அவை ஈரமாக இருந்தால்தான் தோலோடு பேசும் என்று அருள்ராஜ் போனில் சொன்னான். எச்சில் தொட்டுத் தடவினாள்.* சுழியம் போய் எண் வந்தது.

ஆனால் ஓட ஆரம்பித்ததும் எண் குதித்தது. தொண்ணூறு, நூற்று எழுபது, மறுபடி தொண்ணூறு. பட்டை தளர்ந்து கீழே நழுவியிருந்தது. அதை மார்புக்குக் கீழே இழுத்து, மூச்சு விடும் அளவுக்கு மட்டும் இடம்வைத்து இறுக்கினாள். எண் கொஞ்சம் அடங்கியது.

பிறகு காற்று அடிக்கிற நாட்களில் மட்டும் கிறுக்குப் பிடித்தது. அவளேதான் கண்டுபிடித்தாள்: நைலான் துப்பட்டா. காய்ந்த காற்றில் துப்பட்டா சுடிதாரோடு உரசும்போது கை மயிர் சிலிர்த்து நிற்கும், சில சமயம் சடசடக்கும். அந்தச் சடசடப்பையும் துடிப்பென்று கடிகாரம் எண்ணிக்கொண்டது. துப்பட்டாவை விட்டுவிட்டுப் பூபதியின் பழைய பருத்திச் சட்டையை மேலே போட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் இருக்குது" என்றார் மாமனார். "ஆனா ஒண்ணு சாமி, ஆரு தொரத்தறாங்கன்னு இப்படி ஓடறீங்க?"

அப்புறம், ரோட்டுக்குக் குறுக்கே உயர் அழுத்த மின்கம்பி போகிற ஓர் இடம். அதன் அடியில் போனால் எண் எகிறும், தாண்டினால் இறங்கும். அதுவும் புரிந்தது. பட்டையின் பேட்டரி தீர்ந்துபோயிருக்குமோ என்று சேந்தமங்கலத்தில் வாட்ச் கடை செல்லமுத்துவிடம் கொடுத்து மாற்றினாள். அவர் பட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல மணி எங்கீங்க தெரியும்?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே, ஓடி நின்ற உடனே கழுத்தில் இரண்டு விரல் வைத்து, கடிகாரத்து நொடியைப் பார்த்துத் தானே எண்ணினாள். பத்துக்கு எட்டுத் தடவை இரண்டும் ஒத்துப்போயின. அம்மா போனபிறகு முதல்முறையாகத் தன் நெஞ்சை நம்பலாம் போலிருந்தது அவளுக்கு.

*'உமிழ்நீர்' என்று எழுதியிருந்தேன். தாமரைச்செல்வி கேட்டால் சிரிப்பாள்.

5

ஞாயிற்றுக்கிழமை இருவரும் ஆளுக்கொரு பட்டையும் கடிகாரமும் கட்டிக்கொண்டு மொபெட்டில் காரவள்ளி போய், அதைச் செக்போஸ்ட் பக்கத்தில் நிறுத்திவிட்டு மலைப்பாதையில் ஏறினார்கள். முதல் வளைவு, இரண்டாவது, மூன்றாவது. இடப்பக்கம் பாறை, வலப்பக்கம் அடிவாரம் மெல்லக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து பலாப்பழம் ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே இறங்கியது. ஒதுங்கி நின்றவள் கடிகாரத்தைப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினான்கு.

தட்டினாள். இருநூற்றுப் பதினான்கு. பூபதி தன் கையைப் பார்த்தான். அவன் கடிகாரத்திலும் அதே எண்.

"உன்ற பெல்ட்டைத்தான் இதும் புடிக்குது" என்றான். அவனுக்கு மூச்சு வாங்கியது. "பக்கத்துல இருந்தா ஒண்ணோட சிக்னலை இன்னொண்ணு புடிக்கும்னு அருளு சொன்னானல்லோ. உக்காரு கண்ணு, மொதல்ல உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். எண்ணிக்கை பாதியில் தவறியது. அம்மா உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருக்கிறோம் என்று தோன்றியது. பூபதி பக்கத்தில் குத்தவைத்து, பாட்டிலிலிருந்து பச்சைத் தண்ணீரை மடமடவென்று குடித்தான். கொஞ்ச நேரத்தில் எண் சடாரென்று இறங்கியது, யாரோ ஸ்விட்சை அணைத்தது போல.

அடுத்த ஞாயிறும் அதேதான். அதற்கடுத்த வாரம் பூபதி மொபெட்டை எடுக்கவில்லை.

"பந்தயமும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றான். "உங்கொம்மா போன மாதிரி நீயும் போயிட்டீன்னா நான் என்ன பண்றது?"

அவளை நாமக்கல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் விஜயா ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். "உக்காந்திருக்கப்பச் சரியாத்தான் இருக்குமுங்க, ஏறையிலதானுங்க பிரச்சனை" என்றான் பூபதி. டாக்டர் சொன்னதை அவன் நம்பவில்லை. அவளாலும் முழுசாக நம்ப முடியவில்லை.

(பூபதியைக் கெட்டவனாக எழுதலாம். பெண்டாட்டியின் ஓட்டத்தை நிறுத்துகிற புருஷன், அந்த வார்ப்பு கைக்கு உடனே வரும். நான் அப்படி ஒரு பக்கம் எழுதியும் பார்த்தேன். 'அவன் ஷூக்களை எடுத்துப் பரணில் போட்டு...' இல்லை. அவன் போடவில்லை. ஷூக்கள் வாசலிலேயே கிடந்தன. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகம் வாடியது. எனக்கு அவனைப் பிடித்திருக்கிறது, அதற்கு நான் என்ன செய்ய?)

6

இந்த இடத்தில் கதை நின்றுபோயிருக்கும். தாமரைச்செல்வி நிற்கவில்லை.

தோட்டத்துக்குள்ளேயே, தென்னை வரிசையைச் சுற்றிச் சுற்றி ஓடினாள். கடிகாரம் ஒழுங்காக இருந்தது. ஆனால் தோட்டத்தில் மேடு இல்லை, பூபதி சொல்லப்போகிற பதிலும் அதுதான். சனிக்கிழமை அவன் சந்தைக்குக் கிளம்பியதும் மாமனாரிடம் போனாள்.

"மாமா, நான் காரவள்ளி வரைக்கும் போயிட்டு வாரேனுங்க."

சென்னியப்பன் அவள் காலிலிருந்த ஷூவைப் பார்த்தார். முகத்தைப் பார்த்தார்.

"பையங்கிட்ட நான் என்ன சொல்லட்டும்?"

"நெசத்தையே சொல்லுங்க."

பஸ்ஸில் போனாள். நெஞ்சில் பட்டை, மேலே பருத்திச் சட்டை. பஸ்ஸில் ஏறிய நிமிஷத்திலிருந்து எண் நூற்றைத் தாண்டியிருந்தது. ஓட்டமே இல்லை, வெறும் பயம். பயத்தையும் இது எண்ணும் என்று அன்றுதான் தெரிந்தது.

செக்போஸ்டைத் தாண்டித் தனியாக ஓட ஆரம்பித்தாள். பஸ் ஒன்று கடந்தபோது ஜன்னல்களில் தலைகள் திரும்பின. எவனோ விசிலடித்தான். முதல் வளைவு, நூற்று ஐம்பது. இரண்டாவது, நூற்று அறுபது. மூன்றாவது வளைவில், லாரிக்கு ஒதுங்கிய அதே பாறை ஓரத்தில், கடிகாரத்தைப் பார்க்கப் பயந்து நாலடி ஓடினாள். பிறகு பார்த்தாள். நூற்று அறுபத்தெட்டு.

நாலாவது, ஐந்தாவது. அதே நூற்று அறுபத்தெட்டு, நூற்று எழுபது. கழுத்தில் விரல் வைத்து எண்ணினாள். ஒத்துப்போயிற்று. கீழே வயல்களும் ஓட்டு வீடுகளும் சின்னச் சின்னதாகக் கிடந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழுதுகொண்டே ஓடினாள், அழுததற்கு எண் இரண்டு கூடியது.

7

பூபதி கோபப்படவில்லை. சந்தைச் சாக்கை இறக்கிவைத்துவிட்டு, அவள் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"அப்பச் சரி! ரெண்டு பெல்ட்டும் பக்கத்துல இருந்தா ரெண்டையும் கூட்டிக் காட்டுது. உன்னுது நூறு, என்னுது நூறு, சேத்து எரநூறு. அவ்வளவுதான் விசயம். இனி நான் பெல்ட்டுப் போடல, நீ மட்டும் போட்டுக்க. பந்தயத்துக்குப் பேரு குடுத்துரலாம்." சிரித்தான். பாரம் இறங்கியவனின் சிரிப்பு.

அவளும் சிரித்திருக்கலாம். கதை இங்கேயே சுபமாக முடியும், நீங்களும் நானும் வேறு வேலையைப் பார்க்கலாம். ஆனால் அவள் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு வாரமும் எண் ஏறியபோது சீராக அல்லவா நின்றது? நைலான் துப்பட்டா குதித்தது. மின்கம்பி எகிறி இறங்கியது. பொய்யெல்லாம் ஆடியது. இது மட்டும் ஆடவில்லை.

"ஏனுங்க" என்றாள், "அது என்னுது இல்லீன்னா, யாருதுங்க?"

மறுநாள் இருவரும் காரவள்ளிக்குப் போனார்கள். அவள் தன் பட்டையைக் கழற்றி மொபெட் பெட்டிக்குள் வைத்தாள். கடிகாரத்தை மட்டும் கட்டிக்கொண்டாள். பூபதி பட்டையை மட்டும் போட்டுக்கொண்டான், கடிகாரம் இல்லாமல். அவள் கையை ஒட்டி அவன் ஓட வேண்டும்.

"என்ற நெஞ்சுல இப்ப ஒண்ணுமில்லீங்க. இதுல எது வந்தாலும் உங்களுதுதான்."

"சரீங்க டாக்டரம்மா."

நூற்று நாற்பது. நூற்று ஐம்பத்தைந்து. இரண்டாவது வளைவு தாண்டி ஏற்றம் நிமிர்ந்த இடத்தில் பூபதி "சித்த நில்லு தாமரை, செருப்பு..." என்றான். அவள் கையைப் பார்த்தாள்.

இருநூற்றுப் பதினான்கு.

பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்ன வாக்கியம் இதுதான்: "என்ற நெஞ்சுல கோளாறு இருக்குதுன்னு என்ற சம்சாரத்து வாட்சுதானுங்க காட்டிக் குடுத்துச்சு."

இப்போது ஒரு வரி எழுத வேண்டும். மூன்று தடவை அடித்துவிட்டு மூன்று தடவையும் திரும்ப எழுதினேன். அது இது: அந்த எண்ணைப் பார்த்ததும் தாமரைச்செல்வி முதலில் சந்தோஷப்பட்டாள்.

ஒரு கணம்தான். என்னுது இல்லை, அம்மா போன வழியில் நான் போகவில்லை என்று உடம்பு முழுக்க ஒரு லேசு. அந்த லேசு இன்னும் கலையாத நிலையில்தான் பக்கத்தில் நிற்கிறவனின் முகத்தைப் பார்த்தாள். வெளிறியிருந்தது. வியர்வை நெற்றியில் முத்தாக நின்றது. இந்த முகத்தை எத்தனை தடவை ஷூ கடிக்கிறது என்று நம்பியிருக்கிறோம் என்று தோன்றியது. வெட்கம் வந்தது. பயம் அதற்கும் பிறகுதான் வந்தது.

(வரியை வைத்துக்கொள்கிறேன். அவள் நல்லவள்தான். நல்லவர்களுக்கும் முதலில் இப்படித்தான் வரும் என்று நம்புகிறேன்.)

"உக்காருங்க, மொதல்ல உக்காருங்க" என்று கைப்பிடிச்சுவரில் சாய்த்தாள். கழுத்தில் விரல் வைத்தாள். எண்ண முடியவில்லை. மழை தகரத்தில் அடிப்பதுபோல் விரலுக்கடியில் ஒரே தடதடப்பு.

"இது எப்ப இருந்துங்க?"

"எது?"

"இந்தப் படபடப்பு."

"அட, சின்னதுலிருந்தே வருமே. பள்ளிக்கூடத்துல கபடி ஆடையில வரும். மோட்டாருல பெல்ட்டு நழுவுனாப்பல உள்ளாற ஒரு வேகம் எடுக்கும். பச்சத்தண்ணி குடிச்சா டக்குனு நின்னு போகும்." அவன் பாட்டிலை எட்டி எடுத்தான். "ஏன், உனக்கு வராதா?"

"இல்லீங்க."

"வராதா?" அவன் நிஜமாகவே ஆச்சரியப்பட்டான். "எல்லாருக்கும் இப்படித்தான்னு நெனச்சிருந்தேன்."

8

இங்கே கட்டுரை எழுதுகிறவன் ஒருவன் எனக்குள் கையைத் தூக்குகிறான். ஒரே பாயில் படுத்து ஒரே சட்டியில் சாப்பிட்டும் அடுத்தவர் நெஞ்சுக்குள் என்ன வேகத்தில் என்ன ஓடுகிறது என்று... சரி, போதும். உட்கார்.

பூபதி ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தான். மறுத்ததும் ஒரு மாதிரி தந்திரமாகத்தான். "பாக்கலாம்" என்றான். "கெழங்கு புடுங்கி லாரி ஏத்தீரட்டும்." "உன்ற பந்தயம் முடியட்டும்." இத்தனை வருஷமாக ஒன்றும் ஆகவில்லை, இனியா ஆகப்போகிறது? இப்படி நாலு நாள் போயிற்று. ஐந்தாம் நாள் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவள் குழம்பு ஊற்றவில்லை.

"என்ற நெஞ்சுன்னா அடுத்த பஸ்ஸுல டாக்டரு. உங்க நெஞ்சுன்னா லாரி வரோணும், கெழங்கு போகோணும். அப்படித்தானுங்க?"

பூபதி வெறும் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்குப் பயமா இருக்குது தாமரை" என்றான் கடைசியில். "உன்னுதுன்னு நெனச்சப்பக்கூட இவ்வளவு பயம் இல்ல. என்ன பண்றதுன்னு தெரிஞ்சுது. உன்னைக் கூட்டிட்டுப் போகோணும், ஓட விடக்கூடாது, அவ்வளவுதான். இப்ப எனக்குன்னா என்ன பண்றதுன்னே தெரியல."

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் அவள். அம்மா போனதிலிருந்து அவள் அந்தப் பயத்தோடு குடித்தனம் நடத்தியவள். அதன் மூலை முடுக்கெல்லாம் அவளுக்குத் தெரியும். "நான் கூட வாரேன். குழம்பு ஊத்தட்டுமா?"

டாக்டர் விஜயா இந்தத் தடவை பூபதிக்கு ஈ.சி.ஜி. எடுத்தார். காகிதத்தைப் பார்த்தவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இவருக்கு உக்காந்திருக்கப்பவே தெரியுது பாருங்க. பொறந்ததுலிருந்தே நெஞ்சுக்குள்ள கரண்ட் போறதுக்கு ஒரு வழி அதிகமா இருக்கு. நேர்வழியில போகாம அதுல சுத்த ஆரம்பிச்சா இந்த வேகம் வந்துரும்."

பூபதி காகிதத்தை எட்டிப் பார்த்தான். "ஆபத்துங்களா?"

"சில பேருக்கு ஆகலாம். அதனால விடக்கூடாது. ஆனா இது சரிபண்ற நோய். கோயமுத்தூர்ல தொடை ரத்தக்குழாய் வழியா ஒயரு விட்டு அந்த அதிக வழியை மட்டும் சுட்டு அடைச்சுருவாங்க. நெஞ்சைப் பொளக்கறதெல்லாம் இல்ல." பிறகு அவர் தாமரைச்செல்வியைப் பார்த்தார். "இவருக்கு ஒரு தொந்தரவும் சொல்லத் தெரியலையே, எப்படிம்மா கண்டுபுடிச்சீங்க?"

"என்ற வாட்சு தப்பாக் காட்டுச்சுங்க" என்றாள்.

[கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியை நான் எழுதவில்லை. எழுதினால் பச்சைத் திரை, பினாயில் வாடை, கண்ணாடிக் கதவுக்கு வெளியே மனைவி. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். ஆனி மாதம் போனார்கள், செய்தார்கள், இரண்டு நாளில் திரும்பி வந்தார்கள். பஸ்ஸில் வரும்போது பூபதி அடிக்கடி நெஞ்சில் கை வைத்துக் கவனித்தான். "இப்படி இருக்குமா எல்லாருக்கும்? சும்மா, அதுபாட்டுக்கு?" என்று கேட்டான். இதை மட்டும் எழுதத் தோன்றியது.]

9

ஆடி பதினெட்டு. காரவள்ளியில் மைக் செட், மோர்ப் பந்தல், நெஞ்சில் துணியில் எழுதிய எண் குத்திக்கொண்ட இளவட்டங்கள். பெண்கள் ஒரு கை விரலுக்குள் அடக்கம். பூபதிக்கு இன்னும் கொஞ்ச நாள் ஓட்டம் கூடாது. அவன் காலை பஸ்ஸிலேயே சோளக்காட்டுக்குப் போய்விட்டான். வித்யாஸ்ரீயையும் அழைத்துக்கொண்டு போனான். (கடைசியில் அவளை எழுப்பிவிட்டேன்.)

கிளம்பும் முன் அவன் கேட்டான்: "தனியா ஓடீருவியா?"

"ஓடீருவேனுங்க."

இனி முடிவு. மூன்று எழுதினேன், தொடக்கத்தைப் போலவே.

ஒன்று: அவள் முதலாவதாக வருகிறாள். மாலை, கைதட்டல், மகள் ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்கிறாள். எழுதிவிட்டு எனக்கே நம்பிக்கை வரவில்லை. மலைமேல் உள்ள தேவனூர் நாட்டிலிருந்து இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். பிறந்ததிலிருந்து அந்த மேடுகளிலேயே நடந்தவர்கள். மூச்சே வாங்காமல் பேசிக்கொண்டே ஓடினார்கள். அவர்களைத் தோற்கடிக்க எனக்கு மனசில்லை.

இரண்டு: பாதியில் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறது, அவள் நின்றுவிடுகிறாள், ஆனாலும் நிறைவோடு மலையைப் பார்க்கிறாள். இந்த 'ஆனாலும் நிறைவோடு' என்பது எழுத்தாளர்கள் களைத்துப்போகும்போது வருவது.

மூன்று: அவள் மேலே போய்ச் சேரும்போது பந்தலைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். பூபதியும் மகளும் மட்டும் ரோட்டோரம் நிற்கிறார்கள், கையில் அன்னாசித் துண்டு... இது கிட்டத்தட்ட சரி. ஆனால் இதிலும் அவள் ஓட்டம் முடிந்துவிடுகிறது. எனக்கு என்ன தோன்றுகிறது என்றால், அவளை நான் தொடங்கிவைத்தது முடித்துவைப்பதற்காக இல்லை.

ஆகவே இவ்வளவுதான் எழுதப்போகிறேன். மலைப்பாதியில் மேகம் ரோட்டின்மேல் இறங்கியிருக்கிறது. முன்னே போனவர்கள் தெரியவில்லை, பின்னே வருகிறவர்களும் தெரியவில்லை. பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. தாமரைச்செல்வி ஓடிக்கொண்டிருக்கிறாள். சட்டை முதுகோடு ஒட்டியிருக்கிறது. நெஞ்சு அடிக்கிற சத்தம் அவளுக்குக் காதுவரை கேட்கிறது. வெகுநேரமாக அவள் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவும் இல்லை.

எத்தனையாவது வளைவு என்று என்னைக் கேட்காதீர்கள். எத்தனையாவதாக வருவாள் என்றும் கேட்காதீர்கள். மேலே அவளுக்காக இரண்டு பேர் நிற்கிறார்கள், அதில் ஒருவன் நெஞ்சு இப்போது அதுபாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கிறது. இதற்கு மேல் நான் பொறுப்பு இல்லை. அவளை நிறுத்த வேண்டுமென்றால் நீங்கள்தான் நிறுத்த வேண்டும்.

ஆனால் ஒரு நிமிஷம் பொறுங்கள். மேகத்துக்குள்ளிருந்து அவள் காலடி கேட்கிறதா? நல்ல சீரான ஓட்டம். அந்த வளைவு மட்டும் திரும்பட்டும்.